மங்கு: ஓராண்டு கழித்தும் நிற்கும் சிகிச்சை எது?

கன்னமேட்டிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் பழுப்பாகப் படர்ந்து, முகத்தின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும் திட்டுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் மங்கு. மலாய்க்காரர்கள் ஜெராகாட் என்பார்கள், மருத்துவர்கள் மெலாஸ்மா என்று எழுதுவார்கள். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் இதற்கு வைத்தியம் தேடுகிறவருக்கு வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. அழகு கிளினிக்குகளில் லேசர், மருந்தகங்களில் களிம்பு, கைப்பேசி விளம்பரத்தில் ஏழே நாளில் முகம் பளிச்சிடும் என்ற வாக்குறுதி, வீட்டில் பாட்டி சொல்லிவைத்த ஜாதிக்காய். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: எது சீக்கிரம் கேட்கும்? ஏமாற்றம் தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான் என்பது என் வாதம். திட்டைச் சில வாரங்களில் வெளுக்க வைக்கும் வழிகள் பல உண்டு. ஓராண்டு கழித்து, இந்தத் தீவின் வெயிலில் நடமாடிய பிறகு, அந்த முகம் எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் சிகிச்சைகளை எடைபோட வேண்டும். அப்படி எடைபோட்டால் வரிசை தலைகீழாகிறது. துணைக்கு என்று சேர்த்துக்கொள்ளும் சன்ஸ்கிரீன் முதலிடத்துக்கு வருகிறது, விலை உயர்ந்த லேசர் கடைசிக்குப் போகிறது.

காரணம் மங்கின் இயல்பிலேயே இருக்கிறது. இது தோலில் ஒட்டிய கறை போன்றது என்று நினைப்பதால்தான் அதைச் சுரண்டியோ வெளுத்தோ எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. உண்மையில் அந்த இடத்தில் நிறமி தயாரிக்கும் செல்கள் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. மரபு ஒரு காரணம். கர்ப்ப காலமும் கருத்தடை மாத்திரையும் ஹார்மோன் வழியாக அவற்றைத் தூண்டுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேல், அந்தச் செல்களை நாள்தோறும் தட்டி எழுப்புவது ஒளி. ஜார்ஜ்டவுன் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகைக்குள் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். நண்பகல் புற ஊதாக் குறியீடு ஆண்டின் பெரும்பகுதி 10-ஐத் தொடுகிறது. 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குளிர்நாட்டுப் பெண்ணுக்குக் கோடையில் மட்டும் தலைகாட்டும் மங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வரும் பெண்ணுக்குப் பன்னிரண்டு மாதமும் ஆறாது. புற ஊதாக் கதிர் மட்டுமே குற்றவாளி என்றும் இருக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளி பழுப்பு நிறத் தோலில் நீடித்த கருமையை உண்டாக்குகிறது, வெள்ளைத் தோலில் அப்படிச் செய்வதில்லை என்பதை 2010-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனை காட்டியது. நம் தோலுக்கு இந்த ஒரு செய்தி மிக முக்கியம். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஒப்பீட்டுக்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முகத்துக் கருமை எல்லாம் மங்கு கிடையாது. பரு ஆறிய இடத்தில் நிற்கும் தழும்புக் கருமை வேறு, அது பெரும்பாலும் காலப்போக்கில் தானே மங்கும். கழுத்து மடிப்பில் வெல்வெட் போலத் தடித்துக் கறுப்பது பல நேரம் இன்சுலின் கோளாற்றின் அடையாளம்; அதற்குக் களிம்பைவிட இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைதான் அவசரம். நெற்றிப் பொட்டு வைக்கும் இடம் கறுத்தால் குங்குமத்தில் கலந்த சாயத்தையோ ஸ்டிக்கர் பொட்டின் பசையையோ சந்தேகிக்க வேண்டும். நெற்றி ஓரமும் காதருகும் சாம்பல் படிந்தது போலக் கறுத்தால் தலைச்சாயத்தின்மேல் கண் போக வேண்டும். அங்கே ஒவ்வாமைப் பொருளை நிறுத்தாமல் எந்தச் சிகிச்சை செய்தும் பயனில்லை. சீன நண்பர்களிடம் அதிகம் காணப்படும், கன்னமேட்டில் சாம்பல்நீலப் புள்ளிகளாக வரும் ஹோரி மச்சம் தோலின் ஆழத்தில் இருப்பது. அதற்கு லேசர் நன்றாகவே கேட்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு லேசரில் போனதே, எனக்கு ஏன் போகாது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இதுதான்: அவருக்கு இருந்தது வேறு நோய்.

இனி மருந்துகள். மங்குக்கு மருத்துவர்கள் அதிகம் நம்பும் களிம்பு மூன்று மருந்துகளின் கூட்டு: நிறமி உற்பத்தியைத் தடுக்கும் ஹைட்ரோகுவினோன், தோலின் மேலடுக்கை விரைந்து புதுப்பிக்கும் டிரெடினாயின், எரிச்சலை அடக்கும் ஸ்டீராய்டு. அமெரிக்க மருத்துவர் கிளிக்மன் தம் சகாவுடன் 1975-இல் இந்தக் கூட்டை வெளியிட்டார். 2003-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 641 பேர் இதன் மென்மையான வடிவத்தை எட்டு வாரம் பூசினார்கள். மூன்று மருந்தும் சேர்ந்த களிம்பைப் பூசியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குத் திட்டு முழுமையாக நீங்கியது. இரண்டு மருந்து மட்டும் கலந்த களிம்புகளில் 5 பேருக்குக்கூட அது நடக்கவில்லை. இது சிறிய வெற்றி இல்லை. ஆனாலும் இதே எண்ணைத் திருப்பிப் படியுங்கள். இருப்பதிலேயே வலுவான களிம்பைப் பூசியும் நான்கில் மூன்று பேருக்கு எட்டு வாரத்தில் திட்டு முழுதாகப் போகவில்லை. ஆய்வு எடுத்துக்கொண்டதும் வெள்ளைத் தோல் முதல் இளம்பழுப்புத் தோல் வரைதான். ஆறு வகைத் தோலில் கடைசி இரண்டான கருந்தோல் அதில் இல்லை, தமிழர்களில் பலர் அந்த வகையினர். தவிர, ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசிய தென்னாப்பிரிக்கப் பெண்களின் கன்னத்தில் நீலக்கறுப்பாக, மாற்றவே முடியாத படிவு உண்டானதை 1970-களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்த நாடு 1990-இல் அழகுப் பொருட்களில் அதைத் தடைசெய்தது. ஸ்டீராய்டை நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, நுண் இரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்கும். ஆகவே இந்தக் கூட்டு நல்ல மருந்துதான், மூன்று நான்கு மாதம் மருத்துவர் கண்காணிப்பில் பூசி நிறுத்த வேண்டிய மருந்து. நிறுத்திய மறுநாளும் வெயில் அடிக்கத்தான் செய்யும்.

இதைவிட அடக்கமான ஒரு மருந்து அஸெலாயிக் அமிலம். 1991-இல் தென் அமெரிக்காவில் 329 பெண்களிடம் நடந்த ஆய்வில், 20 விழுக்காடு அஸெலாயிக் களிம்பு 24 வாரத்தில் 65 விழுக்காட்டினருக்கு நல்ல பலன் தந்தது, 4 விழுக்காடு ஹைட்ரோகுவினோனுக்குச் சமமாகவே நின்றது. முதலில் கொஞ்சம் அரிக்கும், மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம், டிரெடினாயின் அவர்களுக்குக் கூடாது. வேகம் குறைவு என்பதற்காக இதை யாரும் பெரிதாக விளம்பரம் செய்வதில்லை. நம்மைப் போல ஆண்டு முழுதும் வெயிலில் வாழ்பவர்களுக்கு, நீண்ட நாள் பூசக்கூடிய மெதுவான மருந்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன்.

வாய்வழி மாத்திரையான டிரானெக்ஸாமிக் அமிலத்தின் கதை சுவையானது. இரத்தப்போக்கை நிறுத்த 1962-இல் ஜப்பானிய மருத்துவர் உதாகோ ஒகமோதோ உலகுக்குத் தந்த மருந்து அது. 1979-இல் அதே ஜப்பானில், வேறு தோல் நோய்க்காக அதை விழுங்கியவரின் மங்கு வெளுத்ததை ஒரு மருத்துவர் கவனித்தார். நமக்கு மிக நெருக்கமான சான்று சிங்கப்பூர் தேசியத் தோல் மருத்துவ மையத்திலிருந்து 2016-இல் வந்தது. அங்கே இந்த மாத்திரை எடுத்த 561 பேரில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம் இருந்தது. அதே ஆய்வில், முன்னேற்றம் கண்டவர்களில் 27 விழுக்காட்டினருக்கு மங்கு திரும்பிவிட்டது. ஒருவருக்குக் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்தது. பரம்பரையாக இரத்தம் எளிதில் உறையும் குறை அவருக்கு இருந்தது பிறகுதான் தெரிந்தது. இரத்தம் உறைந்த வரலாறோ பக்கவாதமோ குடும்பத்தில் உண்டா, கருத்தடை மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்காமல் இதை எழுதிக் கொடுப்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். கேட்டுக் கொடுப்பவரிடம் வாங்கினால், களிம்புக்கு மசியாத மங்குக்கு இது உண்மையான உதவி.

லேசருக்கு வருவோம். பெரும்பாலான கிளினிக்குகள் லேசர் டோனிங் என்று விற்பது, குறைந்த ஆற்றலில் வாரம் ஒருமுறை பாய்ச்சும் எண்டி யாக் லேசரை. தாய்லாந்தில் 22 பேரின் முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் ஐந்து முறை இதைப் பாய்ச்சிப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளியானது. லேசர் பட்ட பாதி கண்கூடாக வெளுத்தது. ஐந்தாவது முறை முடிந்த அன்று படம் எடுத்து விளம்பரத்தில் போட்டால் யாரும் மயங்குவார்கள். தொடர்ந்து கவனித்தபோது 22 பேருக்கும், ஒருவர் மிச்சமில்லாமல், மங்கு திரும்பி வந்தது. நான்கு பேருக்கு முன்பைவிடக் கறுத்தது. மூன்று பேருக்கு வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. நம்மைப் போன்ற தோல், நம்மைப் போன்ற வெயில். இப்போது கருவிகள் முன்னேறிவிட்டன என்று சொல்லலாம், ஓரளவு உண்மைதான். ஆனால் செல்லின் தூண்டுதல் அப்படியே இருக்க, சேர்ந்த நிறமியை மட்டும் உடைக்கும் எந்தக் கருவிக்கும் இதே தலைவிதிதான். அமிலம் பூசி உரிக்கும் பீலிங்குக்கும் இது பொருந்தும். எரிச்சல் கொஞ்சம் மிஞ்சினால் பழுப்புத் தோல் கறுத்துத்தான் பதில் சொல்லும். மற்ற எல்லாம் முயன்ற பிறகு, மங்கு அடங்கியிருக்கும் காலத்தில், தேர்ந்த தோல் மருத்துவர் துணையோடு லேசருக்கு இடம் இருக்கலாம். முதல் நாளே அதற்குத் தொகுப்புக் கட்டணம் கட்டச் சொல்வது நோயாளியின் நலனுக்கு இல்லை.

அப்படியானால் ஓராண்டு கழித்தும் நிற்பது எது? மொராக்கோவில் 200 கர்ப்பிணிகளுக்குச் சன்ஸ்கிரீன் கொடுத்துப் பின்தொடர்ந்த ஆய்வு 2007-இல் வெளியானது. கடைசிவரை நின்ற 185 பேரில் புதிதாக மங்கு வந்தது 5 பேருக்கு மட்டும், அதாவது 2.7 விழுக்காடு. அதே நாட்டில், அதே சூழலில், முன்பு கண்டிருந்த அளவு 53 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவை உடன் வைக்காத ஆய்வு என்ற குறை இதற்கு உண்டு. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளி அந்தக் குறையால் மட்டும் வந்துவிடாது. மெக்சிகோவில் 2014-இல் இன்னும் நுட்பமாகச் செய்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஹைட்ரோகுவினோன் களிம்பு, பாதிப் பேருக்குச் சாதாரண சன்ஸ்கிரீன், மீதிப் பேருக்கு அதனுடன் இரும்பு ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீன். எட்டு வாரத்தில் இரண்டாவது குழுவே முந்தியது. முன்னால் சொன்ன கண்ணுக்குத் தெரியும் ஒளியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாவைத் தடுக்கும், அந்த ஒளியை விட்டுவிடும். இரும்பு ஆக்சைடு, பெயருக்கேற்றபடி துரு நிறத்தில் தோலின்மேல் ஒரு திரையாகப் படிந்து, அதையும் மறிக்கிறது. டியூபின் பின்புறம் பொடி எழுத்தில் சிஐ 77491, 77492, 77499 என்ற எண்கள் இருந்தால் அதுதான்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆக்சைடுகள். எஸ்பிஎஃப் 50 என்ற பெரிய எழுத்தைவிட, மங்கு உள்ளவருக்கு இந்தப் பொடி எழுத்து அதிகப் பயன் தரும்.

இதற்கு மறுப்புகள் வரும். கறுத்த தோலுக்கே இயற்கைப் பாதுகாப்பு உண்டே என்பார்கள். தோல் எரிந்து சிவப்பதிலிருந்து அது காப்பது உண்மை. மங்கிலிருந்து காப்பதில்லை, அதே நிறமிதான் இங்கே நோயாக நிற்கிறது. வீட்டுக்குள்தானே இருக்கிறேன், காருக்குள்தானே போகிறேன் என்பது அடுத்தது. சன்னல் கண்ணாடி எரிக்கும் கதிரைத் தடுக்கும், கறுக்க வைக்கும் நீண்ட அலைக் கதிரையும் ஒளியையும் பெருமளவு உள்ளே விடும். விலைதான் இவற்றில் கனமான மறுப்பு. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால் வருவதே முகத்துக்கும் கழுத்துக்கும் ஒருமுறை வேண்டிய அளவு. காலையும் நண்பகலும் அப்படிப் பூசினால் 50 மில்லி டியூப் ஒரு மாதம்கூட வராது. பட்டாணி அளவு தடவிவிட்டுப் பயனில்லை என்பவர்கள் பலர். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், செலவு அப்படி. ஆனால் அகன்ற விளிம்புத் தொப்பியும் குடையும் ஒருமுறைச் செலவு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பவர் விடியற்காலையில் புறப்பட்டால் அதுவும் சிகிச்சைதான். லேசர் தொகுப்புக்குக் கட்டும் பணத்தில் எத்தனை மாத டியூப் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவும் வேண்டும். பழுப்புத் தோலுக்குப் பொருந்தும் சாயலில் இரும்பு ஆக்சைடு சன்ஸ்கிரீன்கள் அதிகம் கிடைப்பதில்லை என்ற புகார் முற்றிலும் நியாயமானது. தயாரிப்பாளர்கள் அதைக் காதில் வாங்க வேண்டும்.

ஜாதிக்காயைப் பற்றிச் சொல்லாவிட்டால் பினாங்கு வாசகர் விடமாட்டார். பாலேக் பூலாவ் பக்கம் இன்றும் காய்க்கும் இந்த மரத்தை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள். மங்குக்கு ஜாதிக்காயைக் கல்லில் உரசிப் பாலில் குழைத்துப் பூசுவது தமிழ்நாட்டிலிருந்து வந்த பழக்கம். அதிலுள்ள மேஸ்லிக்னான் என்ற பொருள் ஆய்வகச் செல்களில் நிறமியைக் குறைத்திருக்கிறது, ஆகையால் முன்னோர் சொன்னது வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. ஆனால் கல்லில் உரசிய விழுதில் அது எவ்வளவு இருக்கிறது, முகத்தோலில் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு அளவில்லை. உரசும் கரகரப்பும் காரமும் நிச்சயம் எரிச்சல் தரும். எலுமிச்சைச் சாறு அதைவிட மோசம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, கொப்பளித்து, மாதக்கணக்கில் கறுத்து நிற்கும்.

எல்லாவற்றிலும் வேகமாக வெளுக்க வைப்பது, பெயரும் முகவரியும் சரியாக இல்லாத களிம்புதான். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் பகல் கிரீம் ஒன்று, இரவு கிரீம் ஒன்று என்று சிறு பிளாஸ்டிக் டப்பாக்களாக வரும். இவற்றில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின், ஸ்டீராய்டு ஆகியவற்றை மலேசியச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து, அனுமதியை ரத்து செய்து அறிவித்திருக்கிறது. தனிநபர் இவற்றை விற்றால் முதல் குற்றத்துக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். இருந்தும் வருகின்றன, ஏனென்றால் உண்மையிலேயே வெளுக்கிறது. பாதரசம் நிறமி செய்யும் நொதியை முடக்கிவிட்டு, தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்துக்குப் போகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக வடிகட்டிச் சவ்வு பழுதாகிச் சிறுநீரில் புரதம் ஒழுகிய 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரே வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள். பாதரசக் களிம்பின் கேடு பூசியவரோடு நிற்பதும் இல்லை. துவாலையிலும் தலையணையிலும் ஒட்டிக் குழந்தைக்கும் போகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2025-க்குள் முற்றிலும் ஒழிக்க முடிவு செய்தன. எஸ்.எம். முகம்மது இத்ரிஸ் 2019-இல் மறையும்வரை பல பத்தாண்டுகள் வழிநடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்தக் களிம்புகளைப் பற்றி நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது.

டப்பாவில் என்ஓடி என்று தொடங்கும் எண் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2008 முதல் அழகுப் பொருட்களுக்கு நம் நாட்டில் இருப்பது அறிவிப்பு முறை. இதில் இன்னின்ன இருக்கிறது என்று விற்பவரே அறிவிக்கிறார், அரசு பிறகு சந்தையில் மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. அந்த எண் சோதனையில் தேறியதற்குச் சான்றிதழ் கிடையாது. ஹைட்ரோகுவினோனும் டிரெடினாயினும் சட்டப்படி மருந்துகள். அவை எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணோடு, மருத்துவர் எழுதியோ மருந்தாளுநர் கையாலோதான் வர வேண்டும். எந்த எண்ணையும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

இத்தனையும் எதற்கு, மங்கு உயிரைக் கொல்லாதே, கறுப்பாக இருந்தால்தான் என்ன என்று கேட்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. நம் நிறம் நோயில்லை. அதை மாற்ற எந்த மருந்தும் தேவையில்லை. கறுப்பு நிறத்தைத் தாழ்வாகப் பேசும் நம் வீட்டுப் பேச்சுதான் பாதரச டப்பாவுக்கு வாடிக்கை பிடித்துத் தருகிறது. ஆனால் மங்கு வந்த பெண் தன் சொந்த நிறத்தைத்தான் திரும்பக் கேட்கிறாள். மங்கு விழுந்தால் கிரகம் சரியில்லை என்று சொல்லும் உறவுகளுக்கு நடுவே அவள் முகம் மறைத்து நடப்பதை அற்பம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்து நிம்மதியாக இருப்பதும் அவள் உரிமை.

வேண்டும் என்றால் தொடங்குமிடம் அரசு சுகாதார கிளினிக். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட். அவர்கள் கடிதம் கொடுத்தால் ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பினாங்கு மருத்துவமனையின் தோல் பிரிவில் நிபுணரைக் காண 5 ரிங்கிட். முறை வரக் காத்திருக்கும் நாட்களில் இரும்பு ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனையும் தொப்பியையும் தொடங்கிவிடலாம், அதற்குக் கடிதம் வேண்டாம். ஏற்கனவே பெயர் தெரியாத களிம்பைப் பூசிக்கொண்டிருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அதில் ஸ்டீராய்டு இருந்து, திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே பலர் மறுபடி அதே டப்பாவைத் திறக்கிறார்கள். ஆகவே இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், சிறுநீரில் புரதமும் பாதரசமும் இருக்கிறதா என்று சோதிக்கக் கேளுங்கள். அந்த டப்பாவைத் தூக்கி எறியாமல், ஒரு பையில் கட்டிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.